போதையும் போதனையும்

(கல்லூரி விடுதி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கக் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவீர்கள். குடியைப் பற்றிப் பேச்சு என்றதும் உட்கார இடமில்லை. சந்தோஷம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. வங்கியில் குமாஸ்தா. பகலில் சலானும் பாஸ்புக்கும், ராத்திரியில் கவிதை. இந்த விஷயத்தைத் தேடிப் படித்தவன் என்கிற தகுதி ஒன்றோடுதான் நிற்கிறேன். குடிக்காதே என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வார்டன் இருக்கிறார், பாதிரியார் இருக்கிறார், பாட்டில் மேலேயே அச்சடித்து அரசாங்கமும் சொல்கிறது. குடித்துக்கொண்டிருக்கிற ஒரு தம்பியிடம் ஒரு மணி நேரம் எப்படிப் பேசுவது என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அதற்கென்று நாற்பது வருஷமாக ஒரு துறையே வளர்ந்திருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு அழுக்கைத் துடைக்க வேண்டியிருக்கிறது. குடி என்றாலே சேரி என்று ஒரு பொதுப்புத்தி இங்கே கட்டமைக்கப்பட்டிருக்கிறது. சினிமாவில் குடிகாரன் என்றால் அவன் வீடு குடிசை, அவன் பேச்சு நம் பேச்சு. கிளப்பில் உட்கார்ந்து குடிக்கிறவன் 'சோஷியல் டிரிங்கர்'. ஒயின்ஷாப் வாசலில் நிற்கிறவன் குடிகாரன். அமெரிக்காவில் 1993-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி வெக்ஸ்லர் என்பவர் 140 கல்லூரிகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். மொடாக்குடி என்பதற்கு அவர் வைத்த அளவு: ஒரே இருப்பில் ஆண் என்றால் ஐந்து அளவு, பெண் என்றால் நான்கு அளவு, அதற்கு மேலும். நூற்றுக்கு 44 மாணவர்கள் முந்தைய இரண்டு வாரத்தில் அப்படிக் குடித்திருந்தார்கள். யார் அதிகம் குடித்தார்கள் தெரியுமா? ஃபிராட்டர்னிட்டி என்று சொல்லப்படுகிற சங்க விடுதிகளில் தங்கியிருந்த, பெரும்பாலும் வசதியான வெள்ளைப் பையன்கள். கறுப்பின மாணவர்களின் குடி வெள்ளை மாணவர்களைவிடக் கணிசமாகக் குறைவு. ஒடுக்கப்பட்டவனின் ரத்தத்தில் குடி ஊறியிருக்கிறது என்று சொல்கிறவனிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள்.

ரத்தத்தில் ஊறவில்லை, ஊற்றினார்கள். அடிமையாய்ப் பிறந்து தப்பியோடி எழுத்தாளனான ஃபிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியான தன் சுயசரிதையில் இதை விவரித்திருக்கிறார். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும் அடிமைகளுக்கு விடுமுறை. அந்த நாட்களில் அவர்கள் குடித்துக் கவிழ வேண்டும் என்று எஜமானர்களே விரும்பினார்கள், ஏற்பாடும் செய்தார்கள். சுதந்திரம் என்றால் இந்த அசிங்கம்தான் என்று அடிமையே வெறுத்துப்போய் வேலைக்குத் திரும்பட்டும் என்பது திட்டம். தென்னாப்பிரிக்காவின் கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியாக ஒயினையே ஊற்றினார்கள். 'டாப்' முறை என்று பெயர். சட்டம் தடுத்த பிறகும் பல பத்தாண்டுகள் அது ஓடியது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கிற குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் ஒன்று அது. அறுவடைக் களத்தில் கூலியோடு கள்ளும் ஊற்றிய கதை நம் பெரிசுகளிடமும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் இந்தச் சரித்திரத்தைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிற பழக்கம் நம் இயக்கப் பேச்சில் இருக்கிறது. அரசு விற்கிறது, அதனால் மக்கள் குடிக்கிறார்கள், அரசு கடையை மூடினால் சரியாகும். 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக்தான் சில்லறை விற்பனையும் செய்கிறது. 2023-24-இல் மட்டும் அதனால் அரசுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். மூட வேண்டும், போராட வேண்டும். ஆனால் கடைக்கு வெளியே விற்கிற சரக்கு என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பார்த்தோம். மெத்தனால் கலந்த சாராயம். 65 பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், நம்மவர்கள் நிறைய. அந்த அரசியல் ஒரு பக்கம் நடக்கட்டும். அது முடியும்வரை இரண்டாம் வருஷம் பி.எஸ்சி. படிக்கிற பையனுக்கு அரியர் காத்திருக்குமா? வீட்டில் முதல் பட்டதாரி. அட்டெண்டன்ஸ் 75 விழுக்காடு இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. ஸ்காலர்ஷிப் போனால் விடுதி போகும், விடுதி போனால் படிப்பு போகும். வசதியான வீட்டுப் பையன் குடித்துவிட்டு ஒரு வருஷத்தைக் கோட்டைவிட்டால் அது அவனுக்கு ஒரு கதை, பின்னால் கல்யாணத்தில் சிரித்துக்கொண்டே சொல்லுவான். நம் பையனுக்கு இரண்டாவது தடவை கிடையாது. நம் விடுதிகளுக்கு 2025-இல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். ஊருக்குள் இன்னமும் எஸ்.சி. ஹாஸ்டல்தான். அங்கே ஒருத்தன் குடித்தால் அத்தனை பேரும் குடிக்கிறான் என்பான்.

அப்படியானால் அந்தப் பையனிடம் என்ன பேசுவது? வழக்கமாக நாம் பேசுவது இப்படித்தானே இருக்கும்:

"என்னடா, நேத்தும் குடிச்சியாமே? உங்கப்பா அங்க கல்லு உடைக்கிறாரு, நீ இங்க குடிச்சிட்டுக் கெடக்கற."

"யாருண்ணே குடிக்கல? வாரத்துல ஒரு நாள்தான்."

"ஒரு நாளா? படிப்பு என்ன ஆவுறது?"

"அதெல்லாம் கிளியர் பண்ணிடுவேன். சும்மா விடுங்கண்ணே."

கவனியுங்கள். இந்தப் பேச்சில் அண்ணன் விட வேண்டியதற்கான காரணங்களைச் சொல்கிறான். தம்பி விட வேண்டாம் என்பதற்கான காரணங்களைச் சொல்கிறான். அண்ணன் அழுத்த அழுத்தத் தம்பிக்குப் புதுப்புதுக் காரணம் கிடைக்கிறது. மனுஷன் தன் வாயால் எதைச் சொல்கிறானோ அதைத்தான் நம்பத் தொடங்குவான். குடிக்கு வக்கீலாக அவனை நாமே நியமித்துவிடுகிறோம்.

இதைத்தான் வில்லியம் மில்லர் என்கிற அமெரிக்க உளவியலாளர் கண்டுகொண்டார். 1982-இல் அவர் நார்வே நாட்டில் பெர்கன் நகரத்தில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் அவரைப் பேசிக்காட்டச் சொல்லி, நடுநடுவே நிறுத்தி, ஏன் இதைக் கேட்டாய், ஏன் அதைக் கேட்கவில்லை என்று துளைத்தார்களாம். அப்படி வெளியே வந்ததை எழுதி 1983-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதுதான் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்'. ஊக்க உரையாடல் என்று சொல்லிக்கொள்வோம். பிறகு 1991-இல் ஸ்டீஃபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து புத்தகமாகவும் எழுதினார். குடியிலிருந்து மீட்பது என்றாலே முகத்துக்கு நேராக அடித்துப் பேசி, 'நீ குடிகாரன் என்று ஒத்துக்கொள்' என்று உடைப்பதுதான் வழி என்று அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலோர் நம்பினார்கள். மில்லர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1993-இல் வந்த அவர்களுடைய ஆய்வில், பேசுகிறவர் எந்த அளவுக்கு எதிர்த்து மல்லுக்கு நின்றாரோ அந்த அளவுக்கு ஒரு வருஷம் கழித்து எதிரே இருந்தவர் அதிகம் குடித்திருந்தார். திட்டினால் திருந்துவான் என்று நம்புகிற அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எப்படிப் பேசுவது? ஒரு மாதிரி சொல்கிறேன், நானே கட்டிய பேச்சுத்தான்.

"தம்பி, குடிக்கிறதுல உனக்கு என்ன புடிச்சிருக்கு?"

பையன் முழிப்பான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதே கிடையாது.

"ஜாலியா இருக்கும்ணே. பயம் போயிடும். கிளாஸ்ல வாயத் தொறக்க மாட்டேன், ரெண்டு ரவுண்டு போச்சுன்னா இங்கிலீஷே பேசுவேன்."

"கூச்சம் போவுது. சரி. புடிக்காதது எதுனா இருக்கா?"

"காலைல எந்திரிக்க முடியல. ரெண்டு அரியர். அப்புறம்... அன்னிக்கு மாடியில என்ன பேசினேன்னே ஞாபகம் இல்லண்ணே. பசங்க சொல்லித்தான் தெரியும்."

"ஞாபகம் இல்லாதது உனக்கு எப்படி இருந்துச்சு?"

"பயமாத்தான் இருந்துச்சு."

"கொறைச்சுக்கணும்ங்கறது உனக்கு எவ்வளவு முக்கியம்? சைபர்லேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு."

"ஒரு நாலு."

"ஏன் நாலு? ஏன் ஒண்ணு இல்ல?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம். 'ஏன் நாலுதான், ஏன் எட்டு இல்லை' என்று கேட்டிருந்தால் அவன் மறுபடி குடிக்கு வக்கீல். 'ஏன் ஒன்று இல்லை' என்றால் அவன் என்ன சொல்ல முடியும்? "இல்லண்ணே, அரியர் கிளியர் பண்ணணும், அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடும்..." என்று விடுவதற்கான காரணத்தை அவன் வாயாலேயே சொல்லுவான். அந்த வார்த்தையைப் பிடித்து அவனிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவன் பேச்சு அதிகம், நம் பேச்சு குறைவு. மேடைப் பேச்சுக்குப் பழகிய நமக்கு இதுதான் மிகவும் கஷ்டம்.

இங்கே ஒரு தோழர் எழுந்து, பாபாசாகேப் குடிக்கக் கூடாது என்றுதானே சொன்னார், நீ என்ன வெண்டைக்காய் மாதிரி வழுக்குகிறாய் என்று கேட்கலாம். 1956 அக்டோபர் 14, நாகபுரி. லட்சக்கணக்கான மக்கள் ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்துவதில்லை என்பதும் ஒன்று. உண்மை. ஆனால் அந்த உறுதிமொழிகளின் இலக்கணத்தைப் பாருங்கள். ஒன்றுகூட 'நீ செய்யாதே' என்று இல்லை. எல்லாமே 'நான்' என்று தொடங்கி அவரவர் வாயால் சொன்னவை. மேலிருந்து கட்டளை இறக்குவது மனுவின் இலக்கணம். அம்பேத்கர் மக்களைத் தன்மையில் பேச வைத்தார். முழுக்க விட்டுவிடுகிறேன் என்று ஒரு தம்பி தானாகச் சொன்னால் அதைவிட நல்லது வேறில்லை. அந்த இடத்துக்கு அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போக முடியாது என்பதுதான் என் பேச்சு.

கல்லூரி மாணவருக்கென்றே இதை வடிவமைத்தவர்கள் சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள். ஆலன் மார்லட் என்பவர் தலைமை. 2011-இல் இறந்துபோனார். 'பேசிக்ஸ்' என்று அந்த முறைக்குப் பெயர், கையேடு 1999-இல் வந்தது. இரண்டே சந்திப்பு, ஒவ்வொன்றும் சுமார் ஐம்பது நிமிஷம். முதல் சந்திப்பில் என்ன குடிக்கிறாய், எப்போது, யாரோடு, என்ன ஆகிறது என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து இரண்டு வாரம் அவன் குடிப்பதை அவனையே எழுதச் சொல்கிறார்கள். இரண்டாவது சந்திப்பில் அவன் சொன்னதையும் எழுதியதையும் கணக்காக்கி ஒரு தாளில் போட்டு அவன் கையில் கொடுத்து, சேர்ந்து படிக்கிறார்கள். தீர்ப்பு கிடையாது. 'இது உனக்கு என்ன தோணுது?' என்பதுதான் கேள்வி.

கவுன்டரில் தினமும் பார்க்கிறேன். ஆறு மாசம் கழித்துப் பாஸ்புக்கில் என்ட்ரி போட வருகிறவர், மெஷின் கடகடவென்று அடித்துத் தள்ளியதும் அங்கேயே நின்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். "இவ்ளோ எடுத்தனா சார்?" நான் எதுவும் சொல்வதில்லை. அவர் எடுத்ததுதான், அவருக்கே தெரியும். மொத்தமாக அச்சில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சியாட்டிலில் கொடுக்கிற தாள் அந்த வேலையைத்தான் செய்கிறது.

அந்தத் தாளில் என்னென்ன இருக்கும்? முதலாவது அளவு. நம் ஊரில் இதைச் சரியாகத் தெரிந்தவன் ரொம்பக் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு அளவு என்று இங்கே கணக்கிடுவது பத்துக் கிராம் சுத்த ஆல்கஹால். நம் கடையில் விற்கிற பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் 42.8 விழுக்காடு. அப்படியென்றால் 30 மில்லி ஒரு அளவு. ஒரு கட்டிங் மூன்று அளவு. ஒரு குவாட்டர் ஆறு அளவு. "பீர்தானே மச்சான்" என்பான். 650 மில்லி பாட்டில், எட்டு விழுக்காடு வரை இருக்கிற ஸ்ட்ராங் பீர் என்றால் நான்கு அளவு. இரண்டு பீர் குடித்தவன் ஒரு குவாட்டரைத் தாண்டிவிட்டான். ஒரு அளவைக் கரைக்க ஈரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். எலுமிச்சை, மோர், கட்டங்காபி, தலையில் தண்ணி, எதுவும் அதை வேகப்படுத்தாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குவாட்டரை முடித்தவன் காலை ஐந்து மணிக்கும் முழுசாகத் தெளிந்திருக்க மாட்டான், பைக் எடுத்தால் அவன் இன்னும் குடித்தவன்தான். அந்தத் தம்பிக்கு ஞாபகம் அறுந்துபோனதே, அது மயக்கம் இல்லை. ரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது மூளை பதிவு செய்வதையே நிறுத்திவிடுகிறது. ஆள் நடப்பான், பேசுவான், வண்டிகூட ஓட்டுவான். மூளையில் பதிவு மட்டும் இருக்காது.

இரண்டாவது, மற்றவன் எவ்வளவு குடிக்கிறான் என்பது. குடிக்கிற பையனைக் கேட்டால் 'எல்லாரும் குடிக்கிறான்' என்பான். பொய் சொல்லவில்லை, அவன் கண்ணுக்குக் குடிக்கிறவன்தான் தெரிகிறான். அறைக்குள் படுத்துத் தூங்குகிறவன் சத்தம் போடுவதில்லை. சமூக நீதி அமைச்சகமும் எய்ம்ஸும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில், 10-லிருந்து 75 வயதுக்குள் இருக்கிற ஆண்களில் குடிப்பவர்கள் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6. ஆண்களிலேயே நான்கில் மூன்று பேரை நெருங்கும் அளவுக்குக் குடிக்காதவர்கள். அந்தத் தாளில் இந்த மாதிரிக் கணக்குக்குப் பக்கத்திலேயே அவனுடைய கணக்கும் இருக்கும். திட்டத் தேவையில்லை, அவனே இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குடி நம்மை என்ன செய்யும் என்று நாம் வைத்திருக்கிற நம்பிக்கை. மார்லட் 1973-இல் ஒரு சோதனை நடத்தினார். சிலருக்கு ஓட்கா கலந்த டானிக், சிலருக்கு வெறும் டானிக். அதிலேயே பாதிப் பேரிடம் உண்மையைச் சொன்னார், பாதிப் பேரிடம் மாற்றிச் சொன்னார். ஓட்கா என்று நம்பி வெறும் டானிக்கைக் குடித்தவன் நிறையக் குடித்தான். டானிக் என்று நம்பி ஓட்காவைக் குடித்தவன் குறைவாகக் குடித்தான். பின்னால் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பார் மாதிரி ஆய்வுக்கூடம் கட்டி மாணவர்களை உட்காரவைத்தார்கள். போதை இல்லாத சரக்கைக் குடித்துவிட்டும் சிரிப்பும் அரட்டையும் ஏறும். பிறகு உண்மையைச் சொல்வார்கள். அப்படியானால் கூச்சத்தைப் போக்கியது யார்? அந்தத் தம்பியை இங்கிலீஷ் பேச வைத்தது பாட்டிலா, பேசலாம் என்று அவனுக்கு அவனே கொடுத்துக்கொண்ட அனுமதியா?

இதை நம் பக்கம் திருப்பிப் பாருங்கள். ஊர்க்காரன் ஒருத்தன் குடித்துவிட்டு வந்து சேரி முனையில் நின்று சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறான். மறுநாள் பஞ்சாயத்தில் 'விடுப்பா, போதையில பேசிட்டான்' என்பார்கள். போதையில் இருந்தவன் ஏன் தன் சாதித் தலைவன் வீட்டு வாசலில் நின்று திட்டவில்லை? எவ்வளவு ஏறினாலும் யாரைத் திட்டலாம், யாரைத் திட்டக் கூடாது என்பது மட்டும் அவனுக்கு மறப்பதே இல்லை. மக்ஆண்ட்ரூ, எட்கர்ட்டன் என்று இருவர் 1969-இலேயே பல சமூகங்களைப் பார்த்து எழுதினார்கள்: குடித்தவன் எப்படி நடந்துகொள்வான் என்பதைச் சமூகம்தான் கற்றுக்கொடுக்கிறது, போதைக்கும் எல்லைக்கோடு இருக்கிறது. தானாகக் குடித்தவனுக்குப் போதை ஒரு சாக்கு இல்லை என்று தண்டனைச் சட்டமும் ரொம்ப நாளாகச் சொல்கிறது. வன்கொடுமை வழக்குப் போட ஸ்டேஷனுக்குப் போகும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, நம் பையன் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவையோ தங்கச்சியையோ கை நீட்டினால் அங்கேயும் இதே நியாயம்தான். போதை அடிப்பதில்லை. ஆண் அடிக்கிறான். தோழியர் தலையாட்டுகிறார்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த முறை பலிக்கிறதா? உள்ளதைச் சொல்ல வேண்டும். 1990-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களில் அதிகம் குடிக்கிற 348 பேரை எடுத்துக் குலுக்கிப் பிரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பேசப்பட்டவர்களிடம் குடியும் அதனால் வருகிற தொல்லைகளும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. வயது ஏற ஏற இரண்டு தரப்பிலும் குறைந்தது, பேசப்பட்டவர்களிடம் இன்னும் அதிகமாகக் குறைந்தது. உற்சாகமான முடிவு. பிறகு உலகம் பூராவும் பலர் செய்து பார்த்தார்கள். அந்த ஆய்வுகளில் 84-ஐக் காக்ரேன் குழு 2016-இல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டது. மொத்தம் 22,872 இளைஞர்கள், பெரும்பாலும் அமெரிக்கர்கள். வாரத்துக்கு 13.7 அளவு குடித்தவர்கள் 12.5 அளவுக்கு இறங்கினார்கள். அவ்வளவுதான். பொருட்படுத்தத்தக்க பலன் இல்லை என்றே அவர்கள் முடிவு எழுதினார்கள்.

அப்புறம் எதுக்கு இதைப் பேசறீங்க என்று கேட்பீர்கள். நான் இப்படிப் பார்க்கிறேன். சராசரி என்பது குறைத்தவனையும் குறைக்காதவனையும் கலக்கிக் காட்டுகிற எண். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இது கிடைக்கிறது. நம்மிடம் இப்போது இருக்கிற திட்டும், விடுதியை விட்டுத் துரத்துவதும் என்ன கொடுத்தன? மேலும், பக்கத்திலேயே வேறு ஒரு கணக்கு இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, குடியால் கெட்டுக்கொண்டிருந்த 377 ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு லான்செட் இதழில் வந்தது. பேசியவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். அதிகபட்சம் நான்கு சந்திப்பு, அடிப்படை இதே ஊக்க உரையாடல். மூன்று மாசத்தில் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் பேசப்பட்டவர்களில் 36 விழுக்காடு, மற்றவர்களில் 26. அவர்கள் மாணவர்கள் இல்லை, வயதும் நிலைமையும் வேறு. ஆனாலும் நம் மண்ணுக்குப் பக்கத்து மண்.

இன்னொரு சந்தேகம் எனக்கே உண்டு. ஃபூக்கோ படித்த தோழர்கள் கேட்பார்கள்: இது பாவமன்னிப்புக் கூண்டின் புதுப் பதிப்பு இல்லையா? எல்லாவற்றையும் சொல்ல வைத்து, எழுத வைத்து, தன்னைத் தானே கண்காணிக்க வைப்பது அதிகாரத்தின் வேலை இல்லையா? நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், தாள் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். கல்லூரி நிர்வாகம் கவுன்சிலிங் என்று கூப்பிட்டு, தலித் மாணவன் எழுதிக்கொடுத்ததை ஃபைலில் போட்டு, நாளைக்கு அவன் ஒரு போராட்டத்தில் நின்றால் 'இவன் குடிகாரன்' என்று எடுத்து நீட்டும். அதனால் வார்டன் இதைச் செய்யக் கூடாது. பெயர் எழுதக் கூடாது. தாளை அந்தப் பையனிடமே கொடுத்துவிட வேண்டும், கிழித்துப் போடட்டும்.

அப்படியானால் யார் பேசுவது? நீங்கள்தான். அமெரிக்க ஃபிராட்டர்னிட்டி விடுதிகளிலேயே 2001-இல் வந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சக மாணவர்கள் பேசியது தொழில்முறை ஆட்கள் பேசியதற்குக் குறையவில்லை. விடுதிக்கு இரண்டு பேர், மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள், கேட்கத் தெரிந்தவர்கள் போதும். தான் குடித்துக்கொண்டே அடுத்தவனுக்குப் பேசப் போகிறவன் வேண்டாம். தான் குடிப்பதில்லை என்பதையே பெருமையாய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறவனும் வேண்டாம், அவன் இன்னும் மோசம். குறைக்கிறேன் என்று சொல்கிறவனுக்கு எப்படி என்றும் சொல்லத் தெரிய வேண்டும். சாப்பிட்டுவிட்டுக் குடி. போவதற்கு முன்னாலேயே எவ்வளவு என்று முடிவு பண்ணு. நடுநடுவே தண்ணீர் குடி. பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போ. கவிழ்ந்து கிடக்கிறவனை மல்லாத்திப் போட்டுவிட்டு வராதே, வாந்தி மூச்சுக்குழலில் அடைத்தால் செத்துப்போவான், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கூடவே இரு. குடிக்கச் சொல்லித்தருகிறாயா என்று மார்லட்டையும் கேட்டார்கள். அங்கேயும் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும், இங்கேயும் 21. நம் இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு விற்பதே சட்டவிரோதம். கவுன்டரில் யாராவது வயது கேட்டார்களா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தப் பேச்சு எல்லோருக்கும் இல்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது என்றால் அவனிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவன் வைராக்கியத்தில் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. வலிப்பு வரும், இல்லாத உருவம் தெரியும், உயிரே போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அழைத்துக்கொண்டு போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் இலவசம். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று எவனாவது சொன்னால் அன்று ராத்திரி அவனைத் தனியாக விடக் கூடாது. நம் பிள்ளைகள் குடிக்குப் பின்னால் எதை மறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வகுப்பில் பெயரைக் கூப்பிடும்போது வாத்தியார் குரல் மாறுகிற அந்த ஒரு நொடி. ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் கையெழுத்து வாங்க நிற்கிற வரிசை. பேசும்போது அது வெளியே வரும். வந்தால் அதற்குச் செய்ய வேண்டியது வேறு வேலை, அதற்கு இயக்கம் இருக்கிறது.

சரி, அட்டை மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதி நாற்பது ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். தேதி, மணி, என்ன, எத்தனை அளவு, யாரோடு, மறுநாள் எப்படி இருந்தது, ஆறே கட்டம்தான். பெயர் எழுத இடம் விடவில்லை. இப்போது இரண்டிரண்டு பேராக உட்காருங்கள், ஒருத்தர் அண்ணன், ஒருத்தர் தம்பி, பத்து நிமிஷம். 'ஏன் ஒண்ணு இல்ல' என்கிற கேள்வி வரைக்கும் ஒரு உபதேசமும் சொல்லாமல் போய்ச் சேர முடிகிறதா என்று பார்ப்போம்.